தொலைவிலுள்ளார் துயரும் நமது கணக்கும்

தொலைநாடு ஒன்றில் பெருந்துன்பம் நேர்ந்ததென்று செய்தி வருமாயின், கேட்போர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. 'அவர்கள் என்ன பாவஞ் செய்தனரோ?' என்பது ஒன்று. 'அதனால் நமக்கென்ன?' என்பது மற்றொன்று. முதல் வினா இரக்கம்போல் ஒலிக்கும். ஆனால் அதனுள் ஒரு தீர்ப்பு ஒளிந்து கிடக்கிறது. இரண்டாம் வினா தன்னலம்போல் ஒலிக்கும். ஆனால் அதனை நேர்மையோடு விடாது கேட்டுக்கொண்டே போனால், அது நம்மை அறத்தின் வாயிலிற் கொண்டுபோய் விடுதலும் உண்டு. இவ்விரு வினாக்களின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

நாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். கிள்ளானை அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கின்றோம். காலைப் பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், வெட்டிய குலை எத்தனை, உரமிட்ட நிலம் எவ்வளவு என்று எழுதிக் கூட்டுவதே நமது அன்றாட அலுவல். ஆங்கில வழியிற் பயின்றமையால் மேனாட்டு நூல்கள் முன்னும், தமிழ் நூல்கள் பின்னுமாக நம் கைக்கு வந்தன. எண்களோடு பழகிய கைக்கு ஒரு குறை உண்டு. எந்த எண்ணைக் கண்டாலும் அது கூட்டத் தொடங்கும். கூட்டி முடித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பும். மாண்டார் தொகையையும் அவ்வாறே பார்த்துப் பக்கம் திருப்பிய நாளொன்று நமக்கும் இருந்தது. அதனை மறையாது பின்னர்க் கூறுவோம்.

சுமத்திரா என்னும் மதில்

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்கு ஓரிரு நிமிடம் இருக்கையில், சுமத்திராவின் வடமேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. பிளவின் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். அதிர்ச்சியின் அளவு 9.1. இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு ஆண்டுதோறும் சில விரற்கடை தூரம் சுமத்திராவை ஒட்டிய தட்டின்கீழ் நுழைந்துகொண்டே யிருக்கிறது. நெடுங்காலம் இறுகிச் சிக்கிக் கிடந்த விளிம்பு அன்று ஒரே மூச்சில் விடுபட்டு மேலெழுந்தது. அதன்மேல் நின்ற கடலும் உடனெழுந்தது. நிகழ்ந்தது அவ்வளவே. அதிற் சினமும் இல்லை; சாபமும் இல்லை.

அவ்வலை கிள்ளான் கரையை நேரே தாக்கவொட்டாது சுமத்திராத் தீவு ஒரு மதில்போற் கிடந்து காத்தது. நீரிணையின் வடவாயில் திறந்திருந்தமையால் பினாங்கும் கெடாவும் அடிபட்டன; மலேசியாவில் 68 பேர் மாண்டனர். நமது தோட்டத்திலோ கிறிஸ்துமஸ் விடுமுறையின் மறுநாள் வழக்கம்போற் கழிந்தது. நமக்கு அப்போது வயது 14. பிற்பகலில் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் லயத்து மக்கள் கூடி நின்றதும், பேசிக்கொண்டிருந்தவர் ஒருவர்பின் ஒருவராகப் பேச்சடங்கியதும் நமக்கு நன்கு நினைவிருக்கின்றன.

தொகை நாடோறும் ஏறிற்று. பதினான்கு நாடுகளில் மாண்டாரும் காணாமற்போனாருமாக ஏறத்தாழ 2,30,000 பேர் எனப் பின்னர்க் கணக்கிட்டனர். இந்தோனேசியாவில் மட்டும் 1,60,000 பேருக்கு மேல். இலங்கையில் 30,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டின மாவட்டத்தினர். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் விழாவிற்கென வந்திருந்த யாத்திரிகரும் கடற்கரையிலேயே மாண்டனர்.

நாகப்பட்டினம் என்னும் பெயர் காதில் விழுந்ததும் நம் பாட்டியார் எழுந்து நின்றார். அவர் இம்மண்ணிற் பிறந்தவர். நாகையைக் கண்ணாற் கண்டவரல்லர். எனினும் அவருடைய தந்தையார் கப்பலேறிய ஊர் அது. அவ்வாரமே தோட்டத்துக் கோயில் முற்றத்தில் துணியும் அரிசியும் திரட்டினர். பலர் பழந்துணி கொணர்ந்தனர்; அதிலும் சில கந்தல். பாட்டியார் பெட்டியைத் திறந்து, அவ்வாண்டு தீபாவளிக்கு எடுத்த புடவையை, ஒருமுறையே உடுத்தியதை, மடித்துக் கொடுத்தார். 'பழசு கொடுத்தா ஆகாதா ஆயா?' என்று நாம் கேட்டோம். 'அவங்க எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்கடா. கிழிஞ்சதக் கொடுத்து இன்னும் தலகுனிய வைக்கிறதா?' என்றார். கல்வி கற்றவர் பலர் எழுதிய நூல்களிற் காண்பதரிய நுட்பம் அச்சொற்களில் இருந்ததென்பதை நாம் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

கப்பல் வந்த வழி

பாட்டியார் எழுந்து நின்றது வெறும் பாசத்தினாலா? அன்று. அதற்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கின்றது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. தமிழ் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பர். பசிபிக் பெருங்கடலின் நீர் அளவிற்கு மீறி வெப்பமுறும் எல் நினோ என்னும் நிலையால் பருவமழை பொய்த்தது என்று இக்கால அறிவியலார் விளக்குவர். எங்கோ ஒரு கடலின் வெப்பம் சேலத்திலும் கோவையிலும் உலையை அவித்தது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மக்கள் பட்டினியால் வீழ்ந்துகொண்டிருக்கையில் தானியம் கப்பலேறிச் சென்றது. 1877 ஜனவரி முதல் நாள் தில்லியில் விக்டோரியா இந்தியப் பேரரசியென முடி புனைந்ததாக அறிவிக்கும் தர்பார் ஆடம்பரமாக நடந்தது. பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாளெல்லாம் கல்லுடைக்கும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று கூலியைக் குறைத்தார். இந்தியாவில் இறந்தோர் ஐம்பது லட்சத்திற்கு மேற்பட்டோர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். மழை பொய்த்தது இயற்கை. தானியம் கப்பலேறியதும் இயற்கையா?

தானியத்தைத் தொடர்ந்து மக்களும் கப்பலேறினர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் கரும்பு, காப்பி, பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சென்றோரை ஊரிலிருந்து பெயர்த்தவை பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஆகும். மலாயாவிற்கு வருவோர் சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூலி முகாம்களில் தங்கிக் கப்பலேறினர். 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்குவது, அவருட் பலர் முதன்முதல் கால்வைத்த மண். கங்காணி முறையில் உதவி பெற்று ஆள் வருவது 1938-இல் நின்ற பின்னரும், 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' என்னும் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று கரைக்குக் கரை தமிழரை ஏற்றி இறக்கிற்று.

இதனை எண்ணுக. தொலைவு என்று நாம் கூறும் அக்கடல் நம் முன்னோர் துன்பந் தாங்காது நடந்து வந்த தெருவேயாகும். பாட்டியாரின் தந்தையார் அன்று ஏறிய கரையில்தான் 2004-இல் அலை ஏறிற்று. அவர் ஏறியிராவிடில், அக்கரையில் நின்றிருக்கக்கூடியவர் நாமே அன்றோ? 'அதனால் நமக்கென்ன?' என்னும் வினா இங்கே தலைகீழாகத் திரும்பி நம்மையே பார்க்கின்றது.

பாவமா? பாறையா?

நிற்க. முதல் வினாவிற்கு வருவோம். துன்புற்றோர் மேல் பாவத்தைச் சுமத்துதல் நேற்றைய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. சோழன் தன் மைந்தனைப் பிரிந்த துயரால் இந்திர விழாவை நடத்த மறந்தானாம். அதனாற் சாபம் விளைந்து ஊரே கடலுள் மறைந்ததாம். மறந்தவன் மன்னன், மாண்டதோ மாநகரம்! ஆயினும் அதே காப்பியம் அமுதசுரபி என்னும் பாத்திரத்தையும் ஓர் இளம்பெண்ணின் கையிற் கொடுத்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் யாவர்க்கும் உண்டி அளிப்பதே அறத்தின் தலை என்று காட்டுகின்றது. பாத்திரத்தை ஏந்தியவள் வந்தவரைப் பார்த்து 'நீ என்ன பாவஞ் செய்தாய்?' என்று கேட்டாளில்லை. ஒரே நூலில் சாபமும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. எதனை எடுத்துக்கொள்வதென்பது நம்மைப் பொறுத்தது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கிறிஸ்தவர்கள் எல்லாப் புனிதரையும் வணங்கும் திருநாளில், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. தேவாலயங்களிற் கூடியிருந்தோர் மேலேயே கூரைகள் வீழ்ந்தன. தீயும் கடலும் எஞ்சியதை அழித்தன. இது நகரத்தாரின் பாவத்திற்குத் தண்டனை என்று சமயத்தார் பலர் முழங்கினர். பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அதனைக் கவிதையால் மறுத்தார். போர்த்துக்கல் அமைச்சர் பொம்பால் வேறொன்று செய்வித்தார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறிற்றா இறங்கிற்றா, எத்தனை வீடுகள் விழுந்தன என்று நாட்டின் பங்குகளுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்பப்பட்டது. 'யார் பாவி?' என்னும் வினா 'என்ன நேர்ந்தது?' என்று மாறிய அந்நாளை நிலநடுக்க ஆராய்ச்சியின் தோற்றங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கின்றனர்.

நம் நாட்டிலும் இவ்வாதம் ஒருமுறை மிகப் பெரியோர் இருவரிடையே நிகழ்ந்தது. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டிற் சுற்றுப்பயணஞ் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலியிற் பேசுங்கால், இது தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையென்றே தாம் கருதுவதாகக் கூறினார். தாகூர் இதனைக் கேட்டு வருந்தி மறுப்பெழுதினார். இயற்கை நிகழ்ச்சிக்குக் காரணம் இயற்கையிலேயே உண்டு என்பதும், இத்தகைய வாதத்தை எதிர்க்கட்சியினரும் எளிதில் திருப்பிக்கொள்ளக் கூடும் என்பதும் அவர் கருத்து. காந்தியடிகள் தம் 'அரிஜன்' இதழிலேயே அம்மறுப்பை வெளியிட்டுத் தம் விடையையும் உடன் வெளியிட்டார்.

தீண்டாமை ஒழிய வேண்டுமென்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதனை ஒழிக்கப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டுவதில்லை. பீகாரில் இடிபாட்டின்கீழ் மாண்ட தீண்டப்படாதார் எப்பாவத்திற்காக மாண்டனர்? தொட்டிலிற் கிடந்த குழவி எவரைத் தீண்டாது விலக்கிற்று? தண்டனை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், மாண்டவன் குற்றவாளியாகின்றான், பிழைத்தவன் நல்லவனாகின்றான். அத்தகைய நல்லவனுக்கு இரக்கம் ஏது? 2004-லும் வேளாங்கண்ணியில் மாண்டாரைப் பற்றியும், அச்சேயில் மாண்டாரைப் பற்றியும் அவரவர் சமயத்துக்கேற்ப இப்பழைய பேச்சைப் பேசினவர் உண்டு. நமது லயத்திலும் அது கேட்டது. கடலடிப் பாறைக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்னும் வேறுபாடு தெரியாது.

செங்கல்லும் சொல்லும்

துன்பத்தின் காரணத்தை அறிய முயன்ற ஊர் எவ்வாறு மாறும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போதும். 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரை முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்தன. அன்றைய கடைகளும் வீடுகளும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. ஒரு பொறி பட்டால் தெருவே எரியும். 1882-இல் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுக என்று பணித்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலில் முனைந்தார். சூளைகள் எழுந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. ரெயில்வே வந்தபின் யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் தென்னிந்தியத் தொழிலாளரும் அங்கே குடியேறினர். இன்று பூமாலையும் புடவையும் வாங்க அத்தெருக்களில் நடக்கும் நம்மவருள் எத்தனை பேர், ஒரு தீக்கும் வெள்ளத்துக்கும் விடையாக எழுந்த ஊரில் நடக்கின்றோம் என்று நினைக்கின்றனர்?

செங்கல் ஒரு விடை. சொல் மற்றொரு விடை. சுமத்திராவின் மேற்கே சிமெலூ என்னும் தீவு உளது. 2004-இல் நிலம் பிளந்த இடத்திற்கு மிக அருகே இருந்தது. 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றிருந்தது. பிழைத்தோர் அதற்குச் 'சிமோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடுக என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வைத்தனர். தொண்ணூற்றேழு ஆண்டுகட்குப் பின் அச்சொல் உயிர் காத்தது. ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் ஏழு பேர்.

நாகைக்கு அச்சொல் இல்லை. நிலம் பிளந்தபோது தமிழ்நாட்டில் காலை 6 மணி 28 நிமிடம். அலை கரையேற இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஒரு கிழவரும் நடந்து மேட்டை அடைந்திருக்கக் கூடிய நேரம் அது. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. நேரம் இருந்தது, சொல்வார் இல்லை. அதன் பின்னரே பல நாடுகள் கூடி இக்கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு செய்தன. ஐதராபாத்தில் 2007-இல் இந்திய நிலையம் அமைந்தது. ஆதலின் பழந்துன்பத்தை நினைவில் வைத்துப் பிறர்க்குச் சொல்லுதலும் இரக்கத்தின் ஒரு பகுதியே. அது இன்னும் பிறவாதவர் மேல் வைக்கும் இரக்கம்.

அலை உடைக்காத வேலி

அலை மேடு பள்ளம் பாராது அடித்தது; ஆனால் அலை வடிந்ததும் மனிதன் தன் பழைய வேலியைத் தேடி எடுத்து நட்டான். நாகை மாவட்டத்து நிவாரண முகாம்கள் சிலவற்றில் தாழ்த்தப்பட்டோர் பிறரோடு தங்கவும், ஒரே தொட்டியில் நீரெடுக்கவும் விடப்படவில்லை என்று அக்காலத்துச் செய்தித்தாள்களும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளும் எழுதின. படகிழந்த மீனவர்க்கு இழப்பீடு உண்டு. உப்புநீர் ஏறிய வயலில் கூலி இழந்த உழவுத் தொழிலாளிக்கு இழந்ததெனக் காட்டப் படகு இல்லையே! கடல் கேளாத சாதியைச் சோற்றுப் பொட்டலம் கேட்டது. அந்தோ! பிணங்களை அடையாளம் காண முடியாது ஒரே குழியிற் புதைத்த அவ்வூரில், உயிரோடிருந்தோரை மட்டும் அடையாளம் கண்டு பிரித்தனர்.

ஆனால் துன்பம் மனிதனைத் திருத்தவே திருத்தாது என்று முடிவு கட்டுதலும் பிழை. அச்சேயில் இந்தோனேசிய அரசும் விடுதலைப் போராளிகளும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொருதனர். பேரலைக்குப்பின், 2005 ஆகஸ்டு 15-ஆம் நாள், எல்சிங்கி நகரில் அமைதி உடன்பாட்டிற் கையெழுத்திட்டனர். அந்த அமைதி நிலைத்தது. இலங்கையிலும் அரசும் புலிகளும் நிவாரணப் பொருளைச் சேர்ந்து பகிர 2005 ஜூன் திங்களில் ஓர் உடன்பாடு செய்தனர். அடுத்த திங்களிலேயே உச்சநீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தி வைத்தது. உடன்பாடு உயிர்பெறவில்லை, போர் திரும்பியது, 2009-இல் முல்லைத்தீவுக் கரை, அலையால் மாண்டவரின் மண்ணிலேயே, மீண்டும் பிணம் கண்டது. பிரிக்பீல்ட்ஸில் 1894-இல் தொடங்கிய சிங்களவரின் புத்த விகாரையும் யாழ்ப்பாணத் தமிழரின் கந்தசுவாமி கோயிலும் ஒரே வட்டாரத்தில் நெடுங்காலமாக நிற்கின்றன. கடலுக்கு இப்பால் ஒரு தெருவில் அமைந்து வாழ்ந்தோர்க்குக் கடலுக்கு அப்பால் ஒரு மூட்டை அரிசியைப் பகிர வழியில்லாது போயிற்றே! அலை ஒன்றுதான். அதன்பின் நடந்ததை அலை தீர்மானிக்கவில்லை.

செக்ரோலில் ஒரு பெயர்

லிஸ்பன் அழிந்து நான்காண்டு கழித்து, 1759-இல், ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் அறவுணர்வைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சீன தேசம் முழுவதும் பூகம்பத்தில் மறைந்ததென ஐரோப்பியன் ஒருவன் கேட்டால், சற்று வருந்துவான். வாழ்வின் நிலையாமை பற்றிப் பேசுவான். பின் நன்றாக உறங்குவான். ஆனால் நாளை தன் சுண்டுவிரல் போய்விடும் என்றறிந்தால் அவனுக்கு உறக்கம் வாராது என்பது அவர் கூறிய உவமை. அத்துடன் விட்டாரில்லை. அவ்விரலைக் காக்க அத்தனை உயிரையும் பலி கொடுக்க அவன் ஒருப்படுவானா என்று கேட்டு, ஒருப்படான் என்றார். உணர்ச்சி சிறிதாயினும், தானும் பலருள் ஒருவனே என்று சொல்லும் உள்ளத்து நீதிபதி அவனைத் தடுப்பான் என்பது அவர் துணிபு. இதனை மாணவப் பருவத்தில் படித்தபோது, நாம் அவ்வைரோப்பியனைவிட மேலானவர் என்றே எண்ணிக்கொண்டோம்.

2018 ஆகஸ்டு 5-ஆம் நாள், ஞாயிறு மாலை, இந்தோனேசியாவின் லொம்போக் தீவு நடுங்கியது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். தீவின் வடபகுதியில் ஊர் ஊராக வீடுகள் தரைமட்டமாயின. தமிழர் பலர் நகரங்கட்குச் சென்றுவிட்ட இக்காலத்தில் தோட்டங்களிற் குலை வெட்டுவோருள் லொம்போக்கினர் மிகுதி. மறுநாட் காலைப் பெரட்டில் அவர்கள் கைப்பேசிகளைச் சூழ்ந்து நின்றனர். ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். வடலொம்போக்கில் தம் வீடு விழுந்துவிட்டதென்றும், மனைவியும் மக்களும் வெளியிற் கிடப்பதாகவும் மலாயிற் கூறி, இரண்டு மாத முன்பணமும் சிறிது விடுப்பும் கேட்டார்.

நாம் தலை நிமிராமலே, முன்பணம் மாத முடிவில்தான் என்றும், விடுப்புக்குப் படிவம் உண்டென்றும் கூறினோம். விதி அவ்வாறே இருந்தது, பொய்யொன்றும் சொல்லவில்லை. அவர் தலையசைத்துச் சென்றார். அன்றிரவு செய்தியில் மாண்டோர் தொகையைப் பார்த்தோம், 'ஐயோ பாவம்' என்றோம், உறங்கினோம்.

அடுத்தநாட் காலை, முந்திய நாட்கணக்கைச் செக்ரோலில் ஏற்றுகையில் அவர் பெயர் வந்தது. முழுநாள் வேலை. வெட்டிய குலையின் தொகையில் ஒன்றும் குறையவில்லை. வீடிடிந்த செய்தி கேட்ட மனிதர், நம் மேசையை விட்டுச் சென்றபின், நேரே காட்டுக்குப் போய், ஓங்கிய மரத்தின் உச்சியைப் பார்த்து அரிவாட் கழியை உயர்த்தி, நாள் முழுதும் குலை வெட்டியிருக்கிறார்! நம் எழுதுகோல் அவ்வெண்ணின்மேல் நின்றது. பக்கத்தைத் திருப்ப இயலவில்லை. பஞ்சத்தை விட்டோடி வந்து இதே மண்ணிற் கூலிக்கு நின்றவர் நம் பாட்டியாரின் தந்தையார். ஊரிலிருந்து சாவோலை வந்த நாளில் அவர் எந்தக் கிராணியின் முன் நின்றாரோ? அந்தக் கிராணியும் தலை நிமிராமலே விடை சொன்னாரோ?

நாம் இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில், தோட்ட வாயிலைக் காக்கும் நேபாளக் காவலர் உள்ளே வந்தார். 2015 ஏப்ரல் திங்களில் நேபாளத்தை நிலநடுக்கம் தாக்கி ஏறத்தாழ 9,000 பேர் மாண்டபோது அவர் இங்கேயே வேலையிலிருந்தவர். அவர் ஓர் உறையை மேசைமேல் வைத்தார். லொம்போக்குக்காரரிடம் சேர்ப்பிக்குமாறு ஐம்பது வெள்ளி. அவருக்கும் லொம்போக்குக்கும் மொழியில்லை, மதமில்லை, இனமில்லை. நடுங்கும் நிலம் இன்னதென்று அறிந்தவர், அவ்வளவே.

அந்த உறையை வைத்துக்கொண்டு நாம் மானேஜரிடம் சென்று பேசினோம். முன்பணம் கிடைத்தது, ஆனால் ஒருவாரம் சென்று. விடுப்பும் கிடைத்தது. தோட்டத்தார் யாவரும் இயன்றது கொடுத்தனர். இதனை நமது பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்கு இதில் இடமில்லை. முதல்நாள் அம்மனிதர்க்கு நாம் கொடுத்தது கந்தல். பாட்டியார் கொடுக்க மறுத்த அதே கந்தல்.

நம் முறை

2021 டிசம்பரில் முறை மாறிற்று. அத்திங்கள் 17, 18-ஆம் நாட்களிற் பெய்த பெருமழையில் கிள்ளான் ஆறு கரைமீறியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் கூரைவரை நீரில் மூழ்கின. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் இரவும் பகலும் படகுக்குக் காத்திருந்தனர். நாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் அத்தையார் கூரையில் இருந்தவருள் ஒருவர். அவரைப் படகில் இறக்கியவர் முன்பின் அறியாத மலாய் இளைஞர் இருவர். அவர்க்கு முதலிற் கிடைத்த சோறு பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவிற் சமைத்து அனுப்பியது. நாகையின் படத்தை நாம் பார்த்ததுபோல், அன்று நமது படத்தை எங்கோ ஒரு நாட்டில் எவரோ பார்த்திருப்பர். 'அவர்கள் என்ன பாவஞ் செய்தனரோ?' என்று அவருள் ஒருவர் கேட்டுமிருப்பர். கூரைமேலிருந்த எவரும் அவ்வினாவிற்குக் காத்திருக்கவில்லை. படகுக்கே காத்திருந்தனர்.

தொலைவிலுள்ளார் துயரைக் கண்டு நம் துன்பம் சிறிதென்று ஆறுதல் கொள்வதைச் சிலர் தெளிவு என்பர். நாம் அதனை ஒப்புவதில்லை. பிறர் வீடிடிந்ததால் நம் கூரையின் ஒழுக்கல் நின்றுவிடுமா? நாம் கண்ட தெளிவு வேறு. இங்குள்ளோர் அனைவரும் எங்கோ ஒரு துன்பத்திலிருந்து கப்பலேறி வந்தவரின் வழியினர். நாளை எவர் கரையில் அலை வரும் என்பதை எவரும் அறியார். அலைக்குப்பின் வருவதோ நம் கையில் இருக்கிறது. தொலைநாட்டுக்குப் பொருள் திரட்டுவது நன்று, திரட்டுக. ஆனால் அத்தொலைநாடு ஒருநாள் காலையில் நம் மேசையின் முன் வந்து, மலாயிலோ வங்காளியிலோ நேபாளியிலோ தயங்கிப் பேசும். அப்போது தலைநிமிர்ந்து பார்ப்பதே முதற்கடன்.

அந்த லொம்போக்குத் தொழிலாளர் மூன்று திங்களிற் திரும்பி வந்தார். இன்றும் அதே நிரையிற் குலை வெட்டுகிறார். செக்ரோலில் அவர் பெயரை எழுதும்போதெல்லாம் நாம் சற்று நின்றே எழுதுகிறோம்.